கூலிக்கு ஏறிய மலையைப் பார்க்கப் போனோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், போடி வட்டாரக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது)



போன வருஷம் இதே விழாவில் என்னை ஆடு வளர்ப்புக் கடன் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த வருஷம், "உங்க குழு மூணாறு போயிட்டு வந்ததைப் பத்திச் சொல்லுங்க" என்கிறார்கள். இதுவும் ஆடு பற்றிய பேச்சுதான். ஆனால் இது வரையாடு. கடன் கொடுத்தாலும் நம்மால் வளர்க்க முடியாது.

நாங்கள் போன இடம் இரவிகுளம் தேசியப் பூங்கா. கேரளாவில் இடுக்கி மாவட்டம், மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 97 சதுர கிலோமீட்டர் மலையும் புல்வெளியும். 1975ல் சரணாலயமாக அறிவித்து, 1978ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரமான ஆனைமுடி இங்கேதான் இருக்கிறது. உயரம் 2,695 மீட்டர்.

"சுற்றுலா போறதுக்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு சுற்றுலாவால் எங்கள் குழு உடையப் பார்த்தது. இன்னொரு சுற்றுலாவால் ஒன்று சேர்ந்தது. அதனால்தான் சொல்ல வந்தேன்.

முதலில், ஏன் அந்த மலைக்கு?

நம் பக்கத்துப் பெண்களுக்கு மலை புதுசில்லை. விடியுமுன்னே தூக்குவாளியோடு ரோட்டில் நிற்கிறோம். ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். பொழுது சாய இறங்குகிறோம். எங்கள் வீட்டுக்காரர்கூட, "தினம் மலைக்குத்தான போற, அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஜீப்பில் போகும்போது இருட்டு. முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். தோட்டத்தில் ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும். அதனால் நாள் பூராவும் குனிந்து தரையைத்தான் பார்க்கிறோம். இருபது வருஷம் மலையில் நின்றிருக்கிறேன். நிமிர்ந்து மலையைப் பார்த்ததில்லை. இதை நான் குழுக் கூட்டத்தில் சொன்னதும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே கதைதான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

முதல் தடவை தலைக்கு 900 ரூபாய் வாங்கினோம். 14 பேர், 12,600 ரூபாய். தேதி பார்த்தது நான், வேன் பிடித்தது நான். பிப்ரவரி மாதம், வெயில் ஏறுமுன் போய் வரலாம் என்று நினைத்தேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. செக்போஸ்ட்டில் வேனை நிறுத்திவிட்டார்கள். வேன்காரர் கேரளாவுக்குப் பெர்மிட் எடுக்கவில்லை. அதைக் கட்டி முடித்துப் புறப்பட இரண்டு மணி நேரம். ஒரு வழியாகப் பூங்கா வாசலுக்குப் போனால் கேட் பூட்டியிருக்கிறது. வரையாடு குட்டி போடும் காலமாம். பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களை உள்ளே விட மாட்டார்களாம். காவலர் தன்மையாகத்தான் சொன்னார்: "வருஷா வருஷம் அடைக்கிறதுதாம்மா, கேட்டுட்டு வந்திருக்கலாமே."

திரும்பி வரும்போது வேனில் பேச்சே இல்லை. அடுத்த வாரக் கூட்டத்தில்தான் வெடித்தது. "ஊக்குநருக்கு வேன்காரர் கமிஷன் கொடுத்தாரா?" என்று ஒரு தங்கச்சி கேட்டுவிட்டாள். இன்னொருத்தர், "சுற்றுலாக் காசுலயே இப்படின்னா, சேமிப்புக் காசு எப்படியோ" என்றார். அக்கா, தங்கச்சிகளே, இந்த ஒரு சொல்தான் குழுவைக் கொல்லும் சொல். அதன்பின் இரண்டு பேர் சந்தா கட்டுவதை நிறுத்தினார்கள். பத்து வருஷமாகக் கணக்கு எழுதிய கை, அன்றைக்கு ராத்திரி சோறு அள்ளவில்லை.

மறு கூட்டத்தில் நான் எழுந்து, "நான் காசு எடுக்கல. ஆனா விசாரிக்காமப் போனது என் தப்பு. உங்க ஒவ்வொருத்தர் ஒரு நாள் கூலியும் என்னால போச்சு" என்று சொன்னேன். வேன் ரசீது, பெர்மிட் ரசீது, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் படித்துக் காட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். கமிஷன் என்று கேட்ட அதே தங்கச்சிதான், "அப்ப இன்னொரு தடவை ஒழுங்காப் போவோம்க்கா, எல்லாரும் சேர்ந்து விசாரிப்போம்" என்றாள். மார்ச் மாதமே தீர்மானம் போட்டோம். பக்கத்துக் குழுவையும் சேர்த்து 31 பேர் ஆனோம்.

இனி நாங்கள் எப்படித் திட்டமிட்டோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். மலரில் அச்சாகப் போகிறது. தேவைப்படும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, காசு. சுழல் நிதியிலோ வங்கிக் கடனிலோ ஒரு ரூபாயும் தொடக்கூடாது என்று முதல் வரியிலேயே எழுதினோம். மாதம் 100 ரூபாய் தனியாகச் சேர்த்தோம். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஒன்பது மாதம், ஆளுக்கு 900 ரூபாய், மொத்தம் 27,900. இதற்கென்று தனி நோட்டு, இரண்டு குழுவிலிருந்தும் ஒவ்வொரு ஆள் கையெழுத்து. செலவுக் கணக்கில் அந்த ஒரு நாள் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு லீவு நாள் என்பது சும்மா வருவதில்லை.

இதில் ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டுக்காரருக்கு ஆபரேசன் ஆனதால் உள்கடனில் மூன்று தவணை பாக்கி. "கடன் பாக்கி வச்சுக்கிட்டு ஊர் சுத்தலாமா?" என்று ஒருவர் கேட்டார். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நான் வரல தாயி, நீங்க போயிட்டு வாங்க" என்றார். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அவர் பிறந்ததே மூணாறு பக்கம், ராஜமலைக்குக் கீழே ஒரு எஸ்டேட் லைன் வீட்டில். ஏழு வயதில் அப்பா இறந்ததும் அம்மா கையைப் பிடித்துக் கீழே இறங்கியவர், அதன்பின் அந்தப் பக்கம் போனதே இல்லை. முதல் தடவை பூட்டிய கேட்டுக்கு முன்னால் வேன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அன்றைக்கு நாங்கள் போட்ட தீர்மானம் இது: கடன் கடன்தான், அதற்குத் தவணை நீட்டித்துக் கொடுப்போம். சுற்றுலாச் சேமிப்பு வேறு. கஷ்டத்தில் இருப்பவரை ஒதுக்கிவைத்துப் போகிற சுற்றுலா குழுவுக்குத் தேவையில்லை. மாதம் நூறு கட்ட முடியாதவர் வாரம் இருபது, இருபத்தைந்தாகக் கட்டலாம். அந்த அக்கா அப்படித்தான் கட்டினார்.

இரண்டாவது, தேதி. இதில்தான் நான் கோட்டை விட்டேன். பிப்ரவரி, மார்ச் வேண்டவே வேண்டாம். சில வருஷம் அடைக்கிற தேதி முன்னே பின்னே மாறும். அதனால் கிளம்புமுன் வனத்துறையில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி அங்கே பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லைன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அடைமழைக் காலத்தில் அந்த மலைக்கு வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. நாங்கள் டிசம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை போனோம். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை என்றால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்யலாம். எங்கள் குழுவில் கல்லூரி படிக்கும் ஒரு பிள்ளை செல்போனிலேயே எடுத்துக் கொடுத்தாள். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வண்டி. நம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. அந்தப் பஸ் போடி வரைதான் வரும், போடிமெட்டு ஏறாது. வாடகை வண்டி பிடித்தால், வேறு மாநிலம் போவதற்கான பெர்மிட் யார் பொறுப்பு, செலவு யாருடையது என்று பேசி எழுதி வாங்குங்கள். மலை ரோட்டில் பழகிய டிரைவரா என்று கேளுங்கள். வெள்ளென நாலரைக்குக் கிளம்பினோம். போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. எழுபது கிலோமீட்டரைச் சுற்றித்தான், ஆனால் வளைவு ரோடு, மூன்று மணி நேரம் ஆகும். திரும்பும்போது பொழுது இருக்கும்போதே மெட்டு இறங்கிவிட வேண்டும். அந்த வழி யானை நடமாடும் பகுதி. 2023ல் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்த அரிக்கொம்பனை நமக்கு மறக்குமா? சின்னக்கானல்தான் அதன் ஊர்.

நான்காவது, உடம்பு. குளிரும் உயரமும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. பிரஷர், சுகர், மூச்சிளைப்பு உள்ளவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டோம். அவரவர் மாத்திரை அவரவர் மடியில். வளைவில் வாந்தி வருபவர்களுக்கு முன் சீட், கையில் எலுமிச்சம்பழம். சால்வையும் குடையும் ஆளுக்கொன்று. மாதவிலக்கு நாளாக இருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. நம் குழுக்களே நாப்கின் தயாரிக்கின்றன. பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், மலையில் போடாதீர்கள். கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது, எங்கே வண்டியை நிறுத்துவது என்று டிரைவரிடம் முதலிலேயே பேசினோம். ஆண்கள் திட்டம் போட்டால் இந்த ஒன்றை மறந்துவிடுவார்கள். நாம் மறந்தால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடப்போம்.

ஐந்தாவது, உள்ளே போனபின். நம் வண்டி நுழைவாயில் வரைதான். அங்கிருந்து வனத்துறை வண்டியில் ராஜமலைக்கு ஏற்றிப் போகிறார்கள். இறங்கியபின் தார் ரோட்டில் மெதுவாக ஏறும் நடை. பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் கூடாது. நாங்கள் எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் கொண்டுபோனோம். புளிச்சோற்றை வேனிலேயே வைத்துவிட்டோம். ரோட்டை விட்டு இறங்கக்கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று நம் மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேற வந்த இளம் பெண்கள் பலர் அதில் உண்டு. கோடையில் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். காடு நம் ஊர்க் கரடில்லை. அனுமதித்த பாதை, அனுமதித்த நேரம், அம்புட்டுத்தான்.

ஆறாவது, வீடு. இதைக் கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஒரு மாதத்துக்கு முன்பே ஒவ்வொருத்தர் வீட்டிலும் தேதியைச் சொல்லிவிட்டோம். மாமியாரைக் கவனிக்க வேண்டியவர் இருந்தார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ளவர் இருந்தார். வராமல் நின்ற இரண்டு பேர் அன்றைக்கு ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். அவர்களுக்கு நாங்கள் தேயிலைப் பொட்டலம் வாங்கி வந்தோம். அடுத்த தடவை அவர்கள் போவார்கள், வேறு இரண்டு பேர் நிற்பார்கள். இதையும் நோட்டில் எழுதியிருக்கிறோம்.

சரி, போய் என்ன பார்த்தோம்?

வனத்துறை வண்டியில் ஏறியதும் எல்லோரும் சத்தம் போட்டார்கள். பெட்டிமுடி இந்த ராஜமலைக்கு அந்தப் பக்கம்தான் என்று சொன்னேன். தானாகவே அமைதியானார்கள். மேலே இறங்கி நடந்தால், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பச்சைப் புல், பள்ளங்களில் சோலைக்காடு. புல்லும் சோலையும் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுமாம். இங்கே பிறக்கும் ஓடைகளில் சில மேற்கே பெரியாற்றுக்குப் போகின்றன. சில கிழக்கே பாம்பாறாகி, அமராவதியில் கலந்து காவிரிக்கு வருகின்றன. நாம் மிதிக்காமல் விடும் புல் யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குத் தண்ணீர்.

வரையாட்டைப் பார்த்தோம். பாறை விளிம்பில் ஒரு தாயும் குட்டியும். இந்தப் பூங்காவில் மட்டும் எண்ணூறை ஒட்டி இருக்கின்றன என்றார்கள். உலகத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இது கிடையாது. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான். ஆடு வளர்க்கும் ஒரு மதினி, "ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடுமாம், அதான் அடைக்கிறாங்க. ஈன்ற ஆட்டுப் பக்கம் நாம யாரையும் விடுவோமா?" என்றார். பிப்ரவரியில் கேட்டில் நின்று கோபப்பட்டவர் அவர்தான். ஒருவரும் தீனி போடவில்லை, தொடப் போகவில்லை. காவலர் எங்களைப் பார்த்து, "உங்கள மாதிரி எல்லாரும் வந்தா எங்களுக்கு வேலையே இல்ல" என்றார்.

மூத்த அக்கா கடைசியாக மெல்ல ஏறி வந்தார். அவருக்கு முட்டி வலி, இரண்டு பேர் கூடவே நடந்தார்கள். ஒரு திருப்பத்தில் நின்று, எதிரே இருந்த பெரிய பாறையைக் கையால் காட்டினார். "இந்தப் பாறையக் காட்டித்தான் எங்கம்மா எனக்குச் சோறு ஊட்டும்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கீழே இறங்கி வந்து தேயிலைக்காட்டு ஓரம் நிறுத்தினோம். கொழுந்து எடுக்கும் பெண்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். போடி என்றதும், "எங்க பெரியம்மா அங்கனதான் கட்டிக் குடுத்திருக்கு" என்று ஒருத்தி ஓடி வந்தாள். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு டவுனில் ஒரு வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடத் தள்ளி நிற்கச் சொல்லி, கேட்டதை வாங்கியவர்கள் இந்தப் பெண்கள்தான். பெண்பிளை ஒருமை என்று பேப்பரில் எல்லாம் வந்தது. "எப்படிம்மா பயமில்லாம உட்கார்ந்தீங்க?" என்று கேட்டேன். "தனியா உட்கார்ந்தாத்தான பயம்?" என்றாள். நம் குழுக் கூட்டத்தில் நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

பொழுது சாயுமுன் மெட்டு இறங்கினோம். தினமும் கூலி முடிந்து இறங்கும் அதே ரோடுதான். அன்றைக்குத்தான் ஜன்னல் வழியே கீழே போடியும், தென்னந்தோப்பும், தூரத்தில் நம் ஊரும் தெரிந்தது. "நம்ம ஊரு இம்புட்டு அழகாவா இருக்கு?" என்று ஒரு சின்னம்மா கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் கணக்குப் படித்தோம். எல்லாச் செலவும் போக மீதி 1,240 ரூபாய். தலைக்கு 40 ரூபாய் திருப்பிக் கொடுத்தோம். கமிஷன் என்று கேட்ட தங்கச்சிதான் எண்ணிக் கொடுத்தாள். சந்தா நிறுத்திய இரண்டு பேரும் அந்த மாதமே கட்டிவிட்டார்கள். மூத்த அக்கா தன் 40 ரூபாயைக் கையில் வாங்கவில்லை. "எம் பாக்கியில வரவு வையி தாயி" என்றார். வைத்தோம்.

கடைசியாக ஒன்று. அந்த மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும். 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது. 2018ல் கேரளாவில் பெருவெள்ளம் வந்ததால் பலருக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. அடுத்தது 2030. எங்கள் இரண்டு குழுவும் அதற்குத் தனி நோட்டுப் போட்டுவிட்டோம். மாதம் 20 ரூபாய்தான். உங்கள் குழுக்களும் இன்றைக்கே தீர்மானம் எழுதுங்கள். போகுமுன் மட்டும் ஒரு போன் போட்டுக் கேட் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.